முதலில் பிரதி, பிறகு லினக்ஸ்

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாற வேண்டுமானால் கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டும். இன்டெல் கணினியானால் எட்டாம் தலைமுறைச் செயலியோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். 2017-க்கு முன் வாங்கிய கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தத் தகுதி கிடையாது. சுங்கை பட்டாணி, கூலிம் வீடுகளிலோ, பீடோங், கோல கெட்டில், பாடாங் செராய் வட்டாரத்துத் தோட்டப்புற ஆலய அலுவலகங்களிலோ அப்படியொரு கணினி இன்னும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், அதைத் தூக்கி எறியாமல் காப்பாற்றும் நேர்மையான வழி லினக்ஸ். உரிமக் கட்டணம் இல்லை. 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினியே போதும்.

லினக்ஸ் கற்பிக்கும் நூல்கள் வழக்கமாக ஒரே வரிசையில் நடக்கும். முதலில் நிறுவுதல், அடுத்துப் பாதுகாப்பு, கடைசியில் பிரதி எடுத்தல். கணினி ஓடத் தொடங்கியதும் பலர் நூலை மூடிவைத்துவிடுவதால், கடைசி அத்தியாயம் படிக்கப்படாமலே போகிறது. இந்த அத்தியாயம் அந்த வரிசையை மாற்றுகிறது. முதல் பிரதியை எடுத்து முடித்த பிறகுதான் லினக்ஸ் உள்ளே வர வேண்டும். நிறுவும்போது வரும் ஒவ்வொரு தேர்வையும், பாதுகாப்புக்காகச் செய்யும் ஒவ்வொரு வேலையையும், கோப்புகள் பிழைத்திருக்க அது உதவுமா என்ற கேள்வியைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். இயங்குதளம் கெட்டால் மறுநாளே இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். கோப்புகளை அப்படி இறக்கிக்கொள்ள உலகில் எங்கும் இடமில்லை.

எதை இழக்கப் போகிறோம்

பிரதி ஏன் முதலில் வர வேண்டும் என்பதற்குக் கெடாவின் தமிழ்க் குடும்பங்களுடைய வரலாறே போதுமான சான்று. தோட்டத்தில் பிறந்த தலைமுறைக்குப் பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் வெறும் காகிதங்கள் அல்ல. வேலை, பள்ளிச் சேர்க்கை, வங்கிக் கணக்கு, குடியுரிமை எல்லாம் அவற்றில்தான் தொங்குகின்றன. ஆவணமில்லாத இந்தியர்களைப் பதிவு செய்வதற்காகவே 2011-இல் மைடஃப்தார் என்ற இயக்கத்தை அரசாங்கம் நடத்த வேண்டி வந்தது. பதிவு செய்யப்படாத பிறப்பு, தொலைந்துபோன திருமணப் பத்திரம், சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுபோன தாத்தா பாட்டி என்று ஒரு தலைமுறையின் குறை அடுத்த தலைமுறையின் தலையில் விழுந்ததை அந்த இயக்கம் ஊரறியக் காட்டியது. 1960-களில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. நிலம் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் கைமாறியது. தோட்ட அலுவலகம் மூடப்பட்ட இடத்தில் பழைய ஊழியர் பதிவேட்டைத் தேடிப் பெறுவது எளிதல்ல. அப்படிப்பட்ட குடும்பத்தில், பெட்டியில் இருக்கும் மூலக் காகிதமும் கணினியில் இருக்கும் ஸ்கேன் படமும் மட்டுமே மிச்சம்.

குடும்பத்துக்கு அப்பாலும் இதே நிலைதான். துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். தொழிலாளர்கள் சிறுகச் சேமித்து வாங்கிய பங்குகளின் தாள்கள் இன்று பிள்ளைகள் கையிலும் பேரப்பிள்ளைகள் கையிலும் இருக்கின்றன. ஆலயங்களும் சங்கங்களும் 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி, பொதுக்கூட்டம் நடந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கையையும் கணக்கையும் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். பொருளாளரின் கணினி போனால் அந்த ஆண்டுக் கணக்கும் அதனோடு போகும். கெடாவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றின் ஆசிரியர்கள் பல ஆண்டுகளாகச் சேர்த்த பயிற்சித் தாள்கள், பள்ளி விழாப் படங்கள், பள்ளி வரலாற்று மலர்கள் எல்லாம் பெரும்பாலும் யாராவது ஒருவருடைய மடிக்கணினியில்தான் இருக்கும்.

இவற்றை அழிப்பது எது என்று பார்த்தால் வாதம் இன்னும் தெளிவாகும். 2010 நவம்பரில் வடகெடா வெள்ளத்தில் மூழ்கியது. அலோர் ஸ்டார் விமான நிலையமே மூடப்பட்டது. 2021 ஆகஸ்ட் 18 அன்று குனோங் ஜெராய் மலையிலிருந்து பாய்ந்த வெள்ளம் யான் வட்டாரத்தில் மரங்களையும் பாறைகளையும் வீடுகள்மேல் கொண்டுவந்து போட்டது. 2022 ஜூலை 4 அன்று பாலிங் மாவட்டத்தின் கூப்பாங் பகுதியில் அதே கொடுமை நடந்தது. இரண்டிலும் உயிர்கள் போயின. பிற்பகல் மழையோடு வரும் இடி மின்னல் இங்கே ஆண்டு முழுதும் உண்டு. ஒரே மின்னலில் மோடமும் கணினியும் சேர்ந்து கருகும். இவற்றோடு திருட்டு, வட்டு தானாகச் செயலிழப்பது, கை தவறி அழிப்பது, தீநிரல் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியலில் லினக்ஸ் ஓரளவு தடுக்கக்கூடியது கடைசியாக உள்ள தீநிரலை மட்டுமே. மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, வேறொரு இடத்தில் இருக்கும் பிரதி.

நிறுவுவதற்கு முன்

புதிதாக லினக்ஸுக்கு வருபவர்கள் கோப்புகளை இழக்கக்கூடிய மிகப் பெரிய தருணம் நிறுவல் நாள்தான். நிறுவியின் ஒரு திரையில் வட்டை முழுதும் அழித்து நிறுவும் தேர்வு இருக்கும். அதை அழுத்தி உறுதி செய்தால் பழைய விண்டோஸும் அதில் இருந்த எல்லாமும் போகும். ஆகவே வெளி வட்டு ஒன்றை முதலில் வாங்குங்கள். 1 டெராபைட் கொள்ளளவு ஒரு குடும்பத்துக்கும் ஆலயத்துக்கும் தாராளம். விண்டோஸ் இன்னும் ஓடுகிறதென்றால் அதிலிருந்தே ஆவணங்கள், படங்கள், டெஸ்க்டாப், பதிவிறக்கங்கள் ஆகிய நான்கு கோப்புறைகளையும் நகலெடுங்கள். கணக்கு மென்பொருள் எதையாவது பயன்படுத்தினால், அது தன் தரவை வேறு மூலையில் வைத்திருக்கக்கூடும். அந்த மென்பொருளின் ஏற்றுமதி வசதியைக் கொண்டு எக்செல் கோப்பாகவும் ஒருமுறை எடுத்து வையுங்கள். உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் மறக்க வேண்டாம்.

விண்டோஸ் எழும்பவே மறுத்தாலும் மனம் தளர வேண்டியதில்லை. லினக்ஸை நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டலாம். அப்படி ஓட்டி, பழைய வட்டைத் திறந்து கோப்புகளை வெளி வட்டுக்கு மாற்றலாம். இங்கே இரண்டு தடைகள் வரும். விண்டோஸ் முழுதாக அணையாமல் பாதித் தூக்கத்தில் இருந்தால், அந்த வட்டை லினக்ஸ் படிக்க மட்டுமே அனுமதிக்கும், அல்லது திறக்கவே மறுக்கும். விண்டோஸ் ஓடும் கணினியில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு அணைத்தால் இந்தத் தடை நீங்கும். இரண்டாவது தடை பிட்லாக்கர். சில மடிக்கணினிகளில் உரிமையாளர் அறியாமலே வட்டு மறைகுறியாக்கப்பட்டிருக்கும். அதன் மீட்புச் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கலாம். அதைக் கண்டெடுத்துக் காகிதத்தில் எழுதிய பிறகே மேலே செல்லுங்கள்.

அடுத்தது, எங்கிருந்து லினக்ஸை இறக்குவது என்ற கேள்வி. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையின் இணையதளத்துக்குள்ளேயே ஊடுருவல் நடந்தது. பதிவிறக்க இணைப்பு மாற்றப்பட்டு, பின்வாசல் வைத்த போலி வட்டுப் படிமம் சிலருக்குப் போய்ச் சேர்ந்தது. அதிகாரப்பூர்வத் தளத்துக்குச் சென்றாலும் ஒரு சரிபார்ப்பு மிச்சமிருக்கிறது என்பதே இதன் பாடம். ஒவ்வொரு படிமத்துக்கும் ஷா 256 என்ற நீண்ட சரிபார்ப்பு எண் வெளியிடப்படுகிறது. அந்த எண்களின் பட்டியலுக்கு இலக்கக் கையொப்பமும் உண்டு. இறக்கிய கோப்பின் எண் அந்தப் பட்டியலோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சில நிமிடங்களே ஆகும். எண்ணையும் ஊடுருவியவர் மாற்றியிருந்தால்? அதற்காகத்தான் கையொப்பம். மின்ட் தளத்திலேயே படிப்படியான விளக்கம் இருக்கிறது. பென்டிரைவில் எழுத ரூஃபஸ் அல்லது எட்சர் போதும். எழுதும்போது பென்டிரைவில் முன்பு இருந்தவை அழியும். பிரதி வைத்த அதே பென்டிரைவை இதற்கு எடுத்துவிடாதீர்கள்.

நிறுவும் நாள்

எந்த லினக்ஸ் என்ற விவாதத்துக்கு முடிவே கிடையாது. இந்த நூலின் பரிந்துரை, நீண்டகால ஆதரவுள்ள ஒன்றை எடுப்பது. 2024 ஜூலையில் வந்த மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை புதுப்பிப்புகள் உண்டு. பழைய கணினிக்கு அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு பொருத்தம். இப்படி நிதானமான பதிப்பை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. 2024 மார்ச் 29 அன்று, எக்ஸ்இசட் என்ற சுருக்கு மென்பொருளில் யாரோ ஆண்டுக்கணக்கில் திட்டமிட்டு நுழைத்த பின்வாசலை ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் அம்பலப்படுத்தினார். தொலைவிலிருந்து நுழையும்போது அரை வினாடி கூடுதலாகத் தாமதமாவதைக் கவனித்து, அதன் மூலத்தைத் தேடிச் சென்றவர் அவர். நச்சு கலந்த 5.6.0, 5.6.1 பதிப்புகள் புத்தம்புதியதை உடனே எடுத்துக்கொள்ளும் லினக்ஸ்களுக்கும் சோதனைப் பதிப்புகளுக்குமே பெரும்பாலும் போயிருந்தன. நிதானமான பதிப்புகளைப் பயன்படுத்தியவர்கள் தப்பினார்கள். வீட்டுக்கும் ஆலயத்துக்கும் புதுமையைவிட நிதானமே மேல்.

கோப்புகளுக்குத் தனிப் பகுதி பிரிக்க வேண்டும் என்று பல வழிகாட்டிகள் சொல்லும். ஹோம் பகுதியைத் தனியே வைத்தால் லினக்ஸை மறுபடி நிறுவும்போது கோப்புகள் அப்படியே இருக்கும் என்பது உண்மை. ஆனால் இரு பகுதிகளும் ஒரே வட்டில்தான் இருக்கின்றன. வட்டு செத்தால் இரண்டும் போகும். பகுதி பிரிப்பதில் தவறு செய்து கோப்பை இழக்கும் ஆபத்தும் புதியவருக்கு உண்டு. வெளியில் நல்ல பிரதி இருப்பவருக்கு இந்தப் பிரிப்பு தேவையில்லை. நிறுவி தானாகப் பரிந்துரைக்கும் எளிய வழியையே எடுக்கலாம்.

வட்டை மறைகுறியாக்குவதா என்ற கேள்விக்கு எல்லோருக்கும் ஒரே பதில் பொருந்தாது. பேருந்திலும் மோட்டார்சைக்கிளிலும் எடுத்துச் செல்லும் மடிக்கணினியானால் மறைகுறியாக்குங்கள். திருடியவர் கையில் உங்கள் அடையாள அட்டைப் படமும் உறுப்பினர் பட்டியலும் சிக்கக் கூடாது. ஆலய அலுவலகத்தில் பூட்டிய அறையில் நிற்கும் கணினிக்கு அவசியம் குறைவு. ஆனால் மறைகுறியாக்கிய வட்டின் சொற்றொடரை மறந்தால் உலகில் எவராலும் திறக்க முடியாது. எனவே அதைக் காகிதத்தில் எழுதி, பிறப்புப் பத்திரங்கள் இருக்கும் அதே இரும்பு அலமாரியில் வையுங்கள். கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதக் கூடாது என்பது பழைய அறிவுரை. தொலைவிலிருந்து வரும் ஊடுருவல்காரர் உங்கள் அலமாரியைத் திறக்க முடியாது. மறதியோ யாரையும் விடாது.

தமிழ் உள்ளீட்டையும் அன்றே அமைத்துக்கொள்ளுங்கள். ஐபஸ் என்ற கருவியில் தமிழ் 99-உம் ஒலிப்பியல் முறையும் கிடைக்கும். இதை இந்த அத்தியாயத்தில் சொல்லக் காரணம் தட்டச்சு வசதி மட்டுமல்ல. முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளை உருவாக்கியது முதல் மலேசியத் தமிழர்கள் கணினியில் தமிழ் எழுதி வருகிறார்கள். அந்த ஆரம்ப காலத்து ஆலய மலர்களும் பள்ளி இதழ்களும் யுனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை ரோமன் எழுத்துக் குவியலாகத் தெரியும். கோப்பு இருக்கிறது, பிரதியும் இருக்கிறது, ஆனால் படிக்க முடியாது. அதுவும் இழப்புதான். ஆகவே பழைய கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றி, மாற்றியதையும் மூலத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். அந்த எழுத்துருக் கோப்பையும் அதே கோப்புறையில் போட்டு வைப்பது நல்லது.

லினக்ஸில் வைரஸ் இல்லை என்ற நம்பிக்கை

லினக்ஸ் போட்டாயிற்று, இனிப் பாதுகாப்பைப் பற்றிக் கவலை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. மின்னஞ்சலில் வரும் விண்டோஸ் தீநிரல் லினக்ஸில் பெரும்பாலும் ஓடாது. மென்பொருளைக் கண்ட இடத்தில் இறக்காமல் ஒரே களஞ்சியத்திலிருந்து பெறும் பழக்கமும், நிர்வாகி கடவுச்சொல் கொடுக்காமல் அமைப்பை மாற்ற முடியாத கட்டுப்பாடும் உண்மையான அரண்கள். மீதிப் பாதிதான் ஆபத்து. 2023-இல் உபுண்டு என்ற லினக்ஸின் ஸ்னாப் களஞ்சியத்திலேயே போலி கிரிப்டோ பணப்பைச் செயலிகள் நுழைந்து சிலருடைய பணத்தைக் கொண்டுபோயின. களஞ்சியத்தில் இருந்தாலும் வெளியிட்டவர் சரிபார்க்கப்பட்டவரா என்று பார்க்க வேண்டும். மின்ட் 22, ஃபிளாட்பேக் என்ற தொகுப்பு முறையில் வரும் சரிபார்க்கப்படாத செயலிகளைத் தொடக்கத்திலேயே மறைத்து வைக்கிறது. அந்த அமைப்பை மாற்றாதீர்கள். இணையத்தில் யாரோ எழுதிய கட்டளையைப் பொருள் புரியாமல் கட்டளைச் சாளரத்தில் ஒட்டி நிர்வாகி கடவுச்சொல்லைக் கொடுப்பது, முன்பின் தெரியாதவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம்.

புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடுவதற்கு விலை உண்டு என்பதை 2017 மே மாதம் வன்னாகிரை என்ற பணயத் தீநிரல் உலகுக்கே காட்டியது. அது பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. நிறுவாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அது விண்டோஸ் கதை என்று ஒதுக்க முடியாது. லினக்ஸில் 2009 முதல் ஒளிந்திருந்த பிவன்கிட் என்ற ஓட்டை 2022-இல்தான் வெளிவந்தது. மின்ட்டின் புதுப்பிப்பு மேலாளரில் தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கிவையுங்கள். புதுப்பித்து ஏதாவது கெட்டுப்போகுமே என்ற தயக்கத்துக்கு டைம்ஷிஃப்ட் என்ற கருவி பதில் சொல்கிறது. அதை அமைத்துவைத்தால் புதுப்பிப்புக்கு முந்திய அமைப்பின் நிலையைப் பதிவு செய்யும், சில சொடுக்குகளில் பின்னோக்கிச் செல்லலாம். ஃபயர்வால் மின்ட்டில் இருந்தும் தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். பட்டியில் அதைத் திறந்து ஒருமுறை இயக்கினால் போதும். பலர் பயன்படுத்தும் ஆலயக் கணினியில் ஆளுக்கொரு பயனர் கணக்கு கொடுங்கள். நிர்வாகி உரிமை ஒருவருக்கு மட்டும், அவர் இல்லாதபோது இன்னொருவருக்கு என்று முடிவு செய்யுங்கள்.

ஒன்றை மட்டும் லினக்ஸால் தடுக்கவே முடியாது. போலி வங்கிப் பக்கத்தில் நீங்களே கடவுச்சொல்லைத் தட்டினால் எந்த இயங்குதளமும் உங்களைக் காக்காது. வங்கி முகவரியை இணைப்பைச் சொடுக்கித் திறக்காமல் நீங்களே தட்டுங்கள், ஒவ்வொரு தளத்துக்கும் வேறு கடவுச்சொல் வையுங்கள், இரு கட்டச் சரிபார்ப்பை இயக்குங்கள். பணம் போய்விட்டதாகத் தெரிந்த நொடியே வங்கியையும் 997 என்ற தேசிய மோசடித் தடுப்பு எண்ணையும் அழையுங்கள். கீபாஸ்எக்ஸ்சி போன்ற கடவுச்சொல் பெட்டகம் லினக்ஸில் நன்றாக ஓடும். அந்தப் பெட்டகமும் ஒரு கோப்புதான் என்பதால் அதற்கும் பிரதி வேண்டும்.

மூன்று பிரதிகள், இரண்டு ஆறுகள்

பீட்டர் குரோக் என்ற புகைப்படக் கலைஞர் பரப்பிய 3-2-1 விதி இன்றும் நிற்கிறது. மூன்று பிரதிகள், இரு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். நம் ஊருக்கு இதைப் பொருத்தும்போது முதல் பிரதி கணினியில் உள்ள மூலமே. இரண்டாவது, வீட்டிலிருக்கும் வெளி வட்டு. இதற்கு லினக்ஸில் எளிய கருவி டேஜா டுப். மென்பொருள் மேலாளரில் கிடைக்கும். வாரம் ஒருமுறை என்று அமைத்தால், மாறிய கோப்புகளை மட்டும் எடுத்து, பழைய நிலைகளையும் வைத்திருக்கும். கடவுச்சொல் போட்டுப் பூட்டவும் செய்யும். டைம்ஷிஃப்ட்டே போதும் என்று எண்ணிவிடாதீர்கள். அது தொடக்க அமைப்பில் உங்கள் சொந்தக் கோப்புகளைத் தொடுவதே இல்லை. அது இயங்குதளத்துக்கு, டேஜா டுப் உங்கள் கோப்புகளுக்கு. இரண்டின் வேலையும் வேறு.

பிரதி எடுத்து முடிந்ததும் வட்டைக் கழற்றிவிடுங்கள். மாட்டியே இருக்கும் வட்டை மின்னலும் தாக்கும், பணயத் தீநிரலும் பூட்டும். கழற்றிய வட்டை உறையில் போட்டு, தரையில் அல்லாமல் அலமாரியின் மேல் தட்டில் வையுங்கள். விண்டோஸ் கணினியிலும் படிக்க வேண்டிய ஸ்கேன் படங்களுக்கு வட்டில் ஒரு பகுதியை எக்ஸ்ஃபேட் வடிவில் வைக்கலாம். டைம்ஷிஃப்ட்டுக்கு மட்டும் ஈஎக்ஸ்டி4 போன்ற லினக்ஸ் வடிவப் பகுதி தேவை. ஆவணங்களை அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்து, யாருடையது, என்ன பத்திரம், எந்த ஆண்டு என்று கோப்புப் பெயரிலேயே எழுதுங்கள்.

மூன்றாவது பிரதி எங்கே இருக்க வேண்டும் என்பதைக் கெடாவில் தூரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கூப்பாங்கில் பெருகும் வெள்ளம் கெட்டில் ஆற்றில் சேர்கிறது. கெட்டில் ஆறு முடா ஆற்றில் கலக்கிறது. முடா கோல முடாவில் கடலை அடைகிறது. பாலிங்கில் இருப்பவர் தம் பிரதியைக் கோல கெட்டிலில் உள்ள தம்பி வீட்டில் வைத்தால் ஊர் மாறியிருக்கிறது, ஆறு மாறவில்லை. ஒரே மழை இரண்டு வீடுகளையும் தொடலாம். கூலிம், பினாங்கு, அலோர் ஸ்டார் என்று வேறு ஆற்றுப் படுகையில் உள்ள உறவினர் வீடு சிறந்தது. இரண்டு வட்டுகளை வாங்கி, தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் உறவுகள் கூடும்போது மாற்றிக்கொண்டால் ஆண்டுக்கு இருமுறை மூன்றாவது பிரதி புதிதாகிவிடும். இடையில் சேரும் முக்கியக் கோப்புகளை மேகச் சேமிப்பில் வைக்கலாம்.

மேகம் இருக்கிறதே, இத்தனை பாடு எதற்கு?

இந்தக் கேள்வி நியாயமானது. மேகச் சேமிப்பு வெள்ளத்தில் நனையாது, மின்னலில் கருகாது. ஆனால் அது இன்னொருவருடைய முடிவுகளுக்குக் கட்டுப்பட்டது. மலேசியப் பள்ளிகளில் பல ஆண்டுகள் ஓடிய ஃபிராக் கற்றல் தளம் 2019 நடுவில் நிறுத்தப்பட்டு, கூகல் வகுப்பறை அந்த இடத்துக்கு வந்தது. பாடங்களைத் தம்மிடம் பிரதி வைத்திருந்த ஆசிரியருக்கு அந்த மாற்றம் எளிதாயிருக்கும், தளத்தில் மட்டுமே வைத்திருந்தவருக்கு அப்படியிருக்காது. கூகலின் இலவச இடம் 15 ஜிபி. இரண்டு ஆண்டு பயன்படுத்தாத கணக்குகளை அழிக்கும் கொள்கையும் அந்நிறுவனத்துக்கு உண்டு. இறந்துபோன தந்தையின் கணக்கில் மட்டும் குடும்பப் படங்கள் இருந்தால் நிலைமை என்ன என்று யோசித்துப் பாருங்கள். பெரிய நிறுவனத்தில் பிரதி இல்லாமல் இருக்குமா என்ற நம்பிக்கையும் 2025 செப்டம்பர் 26 அன்று உடைந்தது. தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பிடித்தபோது, அரசு ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள் வெளியில் பிரதியின்றி அழிந்தன. மேலும், ஒத்திசைவு வேறு, பிரதி வேறு. கணினியில் ஒரு கோப்பை அழித்தால் ஒத்திசைவு மேகத்திலும் அழிக்கும். குப்பைத்தொட்டியின் கெடு முடிந்ததும் மீட்க வழியில்லை. மேகம் மூன்று பிரதிகளில் ஒன்றாக இருக்கலாம். ஒரே பிரதியாக இருக்கக் கூடாது.

மூலப் பத்திரம் தொலைந்தால் தேசியப் பதிவிலாகாவில் மறுபடி வாங்கலாமே, ஸ்கேன் படத்துக்குச் சட்ட மதிப்பு உண்டா என்றும் கேட்கலாம். ஸ்கேன் படம் மூலத்துக்கு ஈடாகாது என்பது சரி. ஆனால் பதிவு எண்ணும் நாளும் இடமும் அதில் இருக்கின்றன. அந்த விவரங்களோடு செல்பவரின் தேடல் சுருங்கும். வெறுங்கையோடு செல்பவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து நிறுவ வேண்டியிருக்கும். செலவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இரண்டு வெளி வட்டுகளுக்குச் சில நூறு வெள்ளி ஆகும். அது எல்லாக் குடும்பத்துக்கும் சிறு தொகையல்ல. அப்படியானால் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு வட்டை வாங்கி, ஆளுக்கொரு பூட்டிய பிரதியை அதில் வைக்கலாம். பத்திரங்கள் மட்டும்தான் என்றால் இரண்டு பென்டிரைவ்களிலேயே அடங்கும். ஆலயமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் இதை ஆண்டுச் செலவுக் கணக்கில் ஒரு வரியாகச் சேர்ப்பதே முறை.

திறந்து பார்க்காத பிரதி

2017 ஜனவரி 31 அன்று, உலகெங்கும் நிரலாளர்கள் பயன்படுத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சேவையகத்தில் கட்டளை கொடுத்து, ஓடிக்கொண்டிருந்த தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். அவர்களிடம் ஐந்து வகைப் பிரதி ஏற்பாடுகள் இருந்தன. தேவைப்பட்டபோது அவற்றில் எதுவுமே ஒழுங்காக வேலை செய்யவில்லை. ஆறு மணி நேரம் முன்பு வேறு காரணத்துக்காக எடுத்திருந்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேர மாற்றங்கள் போனவை போனவைதான். லினக்ஸை நன்கறிந்த நிறுவனம், திறமையான ஊழியர்கள், ஆனால் பிரதியை மீட்டுப் பார்க்கும் பழக்கம் மட்டும் இல்லை. எடுத்த பிரதியைத் திறந்து பார்க்காதவரை அது வெறும் நம்பிக்கை என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

எனவே ஆண்டுக்கு இருமுறை, வட்டு கைமாறும் அதே நாளில், வேறொரு கணினியில் பிரதியை மாட்டி மூன்று கோப்புகளை மீட்டுப் பாருங்கள். ஒரு பிறப்புப் பத்திரம், ஒரு பழைய படம், சென்ற மாதக் கணக்கு. மூன்றும் திறந்தால் உங்கள் ஏற்பாடு உயிரோடு இருக்கிறது. அதைவிட முக்கியமான இன்னொரு சோதனை உண்டு. நீங்கள் பக்கத்தில் இல்லாமல், உங்கள் மனைவியோ மகனோ ஆலயச் செயலாளரோ, நீங்கள் எழுதி வைத்த ஒரு பக்கக் குறிப்பை மட்டும் பார்த்து அந்தக் கோப்புகளைத் திறக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் குறிப்பைத் திருத்தி எழுதுங்கள். ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கும் பிரதி, அவர் போன பிறகு யாருக்கும் பயன்படாது.

இந்த நூலை இங்கே மூடிவிட்டு முதலில் வெளி வட்டை எடுத்து வாருங்கள். வீட்டிலுள்ள பிறப்புப் பத்திரங்களையும் அடையாள அட்டைகளையும் நிலப் பத்திரங்களையும் ஸ்கேன் செய்து அதில் சேருங்கள். அந்த வட்டை வேறொரு கணினியில் திறந்து பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகு அடுத்த அத்தியாயத்துக்கு வாருங்கள். லினக்ஸை நாளைக்கும் நிறுவலாம்.